ஐந்து இரும்புக் குண்டுகள்

இருதய ஆபரேஷன் முடிந்து வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்பூர் வந்து சேர்ந்த பிறகு, என் கணவர் வாயிலிருந்து ஆசையாக வந்த முதல் பேச்சு என்னைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அல்ல. ஒரு பழைய பின்பால் மிஷினைப் பற்றி. இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கெஸ்ட் ஹவுஸ்ல அது இன்னும் இருக்குதாம். கட்டடத்த இடிக்கப் போறாங்க, வேணும்னா எடுத்துக்கோன்னு மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டைப் பிடுங்கியிருப்பேன். நெஞ்சைப் பிளந்து தைத்து ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர் என்னடாவென்றால் நாலு ஆள் தூக்கும் மிஷினுக்கு அடிபோடுகிறார். ஆனாலும் பிடுங்கவில்லை. அந்த ஒன்பது வாரத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய ஆளைப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று எனக்கு இருந்தது. நெஞ்சு ஆறிக்கொண்டிருந்தது, தலைதான் சரியில்லை. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவார். சொந்தத் தங்கை மகன் பார்க்க வந்தபோது பெயர் வராமல் "வாப்பா, வாப்பா" என்றே சமாளித்தார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால், போட்டேனா என்று என்னையே திருப்பிக் கேட்பார். மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். "சில பேருக்கு இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் இப்படி இருக்கும், சரியாயிடும்மா" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இவர், "மூளையக் கழட்டி அங்கியே வெச்சிட்டாங்க போல" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். பள்ளிகொண்டா தாண்டும் வரை நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட மனிதர் அந்த மிஷினைப் பற்றிப் பேசினால் மட்டும் எதுவும் தடுக்கவில்லை. இவர் வாழ்நாள் முழுக்க எலக்ட்ரீஷியனாக இருந்த டேனரியில், வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர்கள் தங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ் உண்டு. அதன் ஹாலில் நின்றது அது. நான்கு கால் வைத்த சாய்வான பெட்டி, மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஓடிப்போய் அங்கங்கே மோதி மணியடித்து இறங்கும். அது அடியில் இருக்கும் ஓட்டைக்குள் விழாமல் இரண்டு பட்டனை அழுத்தித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தலைப்பகுதியில் ஒரு சர்க்கஸ்காரி கண்ணாடியில் வரைந்த ஓவியமாகச் சிரிப்பாள். அவளுக்குப் பின்னால் எரியும் பல்புகளை மாற்றுவது இவர் வேலை. எந்த பல்பு எத்தனாவது வரிசை என்பதுகூடச் சொல்வார். மிஷின் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஓடாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் போகிறபோதெல்லாம் துடைத்துவிட்டு வருவாராம். வீட்டில் என்றைக்காவது மின்விசிறியைத் துடைத்திருக்கிறாரா என்று கேட்காதீர்கள்.

இதையெல்லாம் புதிதுபோல் ஆக்கித் தருகிற ஒருவரை யூடியூபில் பார்த்து, பெங்களூரில் பிடித்தார். வீட்டில் எங்கே வைப்பது என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நானும் சரி என்றேன். பெங்களூர்க்காரர் வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினார். கண்ணாடியில் பெயிண்ட் இருக்கிற பக்கம் டேப் ஒட்டக் கூடாது. அதைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுவர வேண்டும். தலையைத் தனியாக, காலைத் தனியாகக் கழற்ற வேண்டும். முக்கியமாக, உள்ளே இருக்கும் குண்டை முதலில் எடுத்துவிட வேண்டும். வழியில் ஒரு குண்டு உள்ளே உருண்டாலும் பாதி மிஷின் போச்சு என்று இரண்டு தடவை சொன்னார்.

பேக்கிங் எனக்குப் புதிதில்லை. ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டி யானை வண்டி ஒன்று, லோடிங் ஆட்கள் இரண்டு பேர், எங்கள் கம்பெனித் தையல் மிஷின் மெக்கானிக் பாய் என்று படையோடு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். பாய் என் கணவருக்கு வெகுநாள் தோஸ்த். இவரைச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "எழுந்தீங்க, வண்டிய அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்" என்றேன்.

"வாய் இருக்குது இல்ல, அத வெச்சே வேல வாங்குறேன்" என்றார்.

வாங்கினார். முன்பக்க இரும்புப் பட்டை எங்கே கொக்கி போட்டிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். மேனேஜர் கொடுத்த சாவியால் முன்கதவைத் திறந்து, பாய் கையை உள்ளே விட்டு இழுத்ததும் பட்டை கழன்று வந்தது. மேல் கண்ணாடியை இரண்டு ஆட்களும் மெல்ல உருவினார்கள். அடியில் ஓட்டைக்குள் ஒரு குண்டு கிடந்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் சின்னது, நல்ல கனம். துணியில் துடைத்து ஜிப் கவரில் போட்டு, ஸ்டிக்கரில் 'குண்டு 1' என்று எழுதினேன்.

"இன்னும் நாலு" என்றார் இவர்.

"நாலா?"

"மொத்தம் அஞ்சு. நானே எண்ணியிருக்கேன். ஜெர்மன்காரன் ஒருத்தன் தெனம் சாயந்தரம் ஆடுவான். ஒண்ணு போச்சுன்னா அடுத்தது வரும். அஞ்சு முடிஞ்சாத்தான் ஆட்டம் முடியும்."

இங்கே எங்கள் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைக்கும்போது ஊசி உடைந்தால் லைன் நிற்கும். உடைந்த துண்டு எல்லாம் கிடைக்க வேண்டும். அதை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றியிருக்கும் ஷூவெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். எந்த ஊரிலோ ஒரு பிள்ளையின் காலில் அந்தத் துண்டு குத்திவிடக் கூடாது என்பதற்காக. பத்தொன்பது வருடம் அப்படியே பழகியவள் நான், பாயும் அப்படியே. ஐந்தில் ஒன்று கிடைத்து நாலு கிடைக்கவில்லை என்றால் எங்களுக்கு அதற்கு மேல் கை ஓடாது. வேறு யாராக இருந்தாலும், ஒழியட்டும் போ என்று வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

"லைன் ஸ்டாப்" என்றார் பாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நிறுத்தினோம்.

பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஆடுகளப் பலகையைத் தூக்கி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே தறிகெட்டு ஓடும் ஒயர்கள், சுருள்கள், ஒரு செத்த பல்லி, குளவிக் கூடு, எந்த நாட்டுக்காசு என்றே தெரியாத ஒரு நாணயம். குண்டு இல்லை. பாய் தன் காந்தக் கோலை உள்ளே விட்டுத் துழாவினார். அது கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ரிப்பேருக்காகக் கைப்பையில் போட்டிருந்த கை டிடெக்டரை எடுத்து ஓட்டினார். மிஷின் முழுக்க இரும்பு, எதைத் தொட்டாலும் அலறியது. லோடிங் ஆட்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

தலைப்பகுதியைக் கழற்றும்போது அங்கே இருக்கும் என்று நினைத்தோம். சர்க்கஸ்காரிக் கண்ணாடியை நானே இறக்கினேன். பெயிண்ட் ஓரங்களில் செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஷூவுக்குள் வைக்கும் மெல்லிய தாளை முதலில் போர்த்தி, இரண்டு பக்கமும் ஃபோம் ஷீட் வைத்து, டேப்பை ஃபோமில் மட்டும் ஒட்டினேன். ஒயர் பிளக்குகளுக்கு எண் ஒட்டினேன். தலையைப் பிடித்திருந்த நாலு போல்ட்டும் கவருக்குள் போயின. கால்களைக் கழற்றினோம், எட்டு போல்ட். எல்லாம் கணக்காக இருந்தது, அந்த நாலைத் தவிர. சோபாவைப் புரட்டினோம், அலமாரிக்கு அடியில் துடைப்பம் விட்டோம். பிரியாணி வாங்கி வந்து எல்லோரும் சாப்பிட்டார்கள், மறுபடி தேடினார்கள். வண்டி டிரைவர் உள்ளே வந்து, "மேடம், ஓசூர் தாண்டுறதுக்குள்ள சாயந்தரம் ஆச்சுன்னா டிராஃபிக்ல மாட்டிப்பேன்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

நான் குண்டைத் தேடிக்கொண்டே இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தவர், மதியத்துக்குமேல் சாய்ந்துவிட்டார். "அஞ்சுதான்" என்றவர் கொஞ்சம் கழித்து, "அஞ்சுதானே?" என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, மெதுவாக, "நான் வேற எதையோ நெனச்சிக்கினு சொல்றேனா?" என்றார். எல்லாம் போனாலும் இந்த மிஷின் மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அதுவும் போய்விட்டதா?

பாய் என்னை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "அக்கா, அண்ணன் மூஞ்சியப் பாத்தீங்களா? ரொம்ப ஒடைஞ்சிட்டாரு. பின்னாடி மெயின்டனன்ஸ் ரூம் ஜன்னல்ல பழைய பேரிங் குண்டு கெடக்குது, நான் பாத்தேன். நாலு எடுத்தாறேன். உள்ள போட்டு, கெடைச்சிடுச்சுன்னு சொல்லிடலாம். பேஜார் முடிஞ்சுது."

எங்கள் லைனில் ஒரு பெண் ஒரு தடவை இப்படிச் செய்தாள். கிடைக்காத ஊசித் துண்டுக்குப் பதில் வேறொரு உடைந்த ஊசியின் துண்டை ஒட்டினாள். ஒரே ஊசிக்கு இரண்டு முனை இருப்பதைப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடித்து, எல்லோர் முன்னாலும் அவளை அழ வைத்தவள் நான். அப்படிப்பட்ட நான் பாயிடம் சொன்னது, "சீக்கிரம் எடுத்துக்கினு வாங்க."

பாய் லுங்கி மடிப்பில் நாலு குண்டோடு வந்தார். நான் பெட்டிக்குள் தலையை விட்டு, மூலையில் கையால் துழாவி, "ஏங்க, கெடைச்சிடுச்சுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே நாடகம் மாதிரி இருந்தது. பாய், "ரெண்டு! இதோ மூணு!" என்று ஏலம் விட்டார். லோடிங் ஆட்கள் ஒன்றும் புரியாமல் கை தட்டினார்கள்.

இவர் கையை நீட்டினார். ஒன்றைக் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காலையில் கிடைத்த குண்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"உள்ளதாங்க. மூலையில."

"இது மூணாம் நம்பர் டிரம்மோட பேரிங் குண்டு" என்றார். "இதோ, இதுல கீறல் இருக்குது பாரு. பேரிங் ஒடைஞ்சு டிரம் நின்னுபோச்சு. உள்ள ஒரு லோடு ஆட்டுத்தோல் ஊறிக்கினே கெடந்துச்சு. நானும் ஃபிட்டரும்தான் கழட்டினோம். அன்னிக்கு உன் தம்பிக்கு நிச்சயதார்த்தம். நான் வந்து சேர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சிடுச்சுன்னு ரெண்டு நாள் எங்கிட்ட நீ பேசல. ஒடையாம இருந்த குண்ட ஃபிட்டர் ஜன்னல்ல வெச்சாரு." பாயைப் பார்த்தார். "ஜன்னல்ல இருந்து எடுத்தாந்தியா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் நிச்சயதார்த்தத்தை நினைத்துப் பார்த்தேன். இவர் வராமல் நான் அவமானப்பட்டது நினைவிருந்தது. டிரம் உடைந்ததால்தான் வரவில்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. இவருக்கு மறக்கவில்லை.

"யாரு காதுல பூ சுத்துறே?" என்று கத்தினார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று பாய் பதறி எழுந்தார். "எனக்கு ஒடம்புதான் சரியில்ல, கண்ணு நல்லாத்தான் இருக்குது! பத்தொம்பது வருஷமா ஊசி எண்ணுறவ, எனக்குப் பொய்க் கணக்கு காட்டுறே!"

திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் என்னைத் திட்டவே இல்லை, பாவம் மாதிரி உட்கார்ந்திருந்தார். "திட்டுங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க" என்றேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லோடிங் ஆட்கள் நினைத்திருப்பார்கள்.

"சரி, அப்ப அந்த நாலு எங்க?" என்றார், விடாமல்.

அந்த நேரம் பார்த்துப் பெங்களூர்க்காரர் கூப்பிட்டார். சொந்தக்காரர் கல்யாணத்தில் போனை அணைத்து வைத்துவிட்டாராம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எத்தன குண்டு சார் இருக்கும்?" என்றார் இவர்.

"அந்த மாடல்ல ஒண்ணுதான் சார்" என்றது போன். "கீழ விழுந்ததும் அதே குண்டு சுத்தி மறுபடியும் மேல வரும். ஒவ்வொரு தடவையும் கண்ணாடில ஒண்ணு, ரெண்டுன்னு லைட் மாறும். அஞ்சு வரைக்கும். வெளியில நின்னு பாக்குறவங்க அஞ்சு குண்டுன்னுதான் சார் நெனப்பாங்க. கண்ணாடியத் தெறக்காம தெரியாது."

முன்பக்கக் கண்ணாடிக்குச் சாவி எப்போதும் மேனேஜரிடம்தான் இருக்கும். இவர் தொட்டதெல்லாம் பின்பக்கக் கதவும் பல்பும்தான்.

காலை ஒன்பது மணியிலிருந்து, இல்லாத நாலு குண்டை இத்தனை பேர் தேடியிருக்கிறோம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இவர் முகம் என்ன ஆகப்போகிறது என்றுதான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, எதையோ எண்ணினார்.

"அப்ப நான் அன்னிக்கே தப்பா எண்ணியிருக்கேன்" என்றார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஏ, நான் அன்னிக்கே தப்பு! கல்யாணத்துக்கு முன்னாடியே தப்பு! இது ஆபரேஷனால வந்தது இல்ல!"

"சார்?" என்றது போன்.

"நான் இருபது வயசுலயே முட்டாள் சார்!" என்று போனைப் பார்த்துக் கூவினார். பாய் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை, புடவைத் தலைப்பை எடுத்து மூஞ்சியை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பெட்டியை நிமிர்த்தி வண்டியில் ஏற்றி, சுற்றிலும் பழைய மெத்தையைச் செருகிக் கயிறு போட்டோம். சர்க்கஸ்காரி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றபடி போனாள். பாய் துணைக்கு ஏறிக்கொண்டார். குண்டு இருந்த கவரை மட்டும் இவர் யாரிடமும் கொடுக்கவில்லை. நேரில் போகும்போது தானே கொடுப்பாராம். எல்லாம் பத்திரமாக இறங்கிவிட்டது, கண்ணாடியில் புதிதாக ஒரு செதில்கூட உதிரவில்லை என்று பாய் பிறகு போனில் சொன்னார்.

வண்டி போனதும் ஆட்டோ பிடித்தோம். ஸ்டேஷன் ரோடு திரும்பும் வரை இவர் குண்டுக் கவரை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். அப்புறம், ஆட்டோக்காரருக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி பையன் பேரு வராதப்ப, அடுத்தது உன் பேருதான் போகும்னு நெனச்சேன்" என்றார். "அதான் தெனம் காலைல முழிச்சதும், கண்ணத் தெறக்கறதுக்கு முன்னாடி, உன் பேர ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குவேன்."

ஒரு நாளாவது வராமல் போனதா என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.